உறைபனிக்கும் கோடை மழைக்கும் நடுவே: நஞ்சநாடு பக்கத்துக் காய்கறித் தோட்டம் ஒன்றின் கார்போக ஏற்பாடுகள்

நீலகிரியில் காய்கறிக்கு மூன்று போகம் உண்டு. ஓடைத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பி ஜனவரி, பிப்ரவரியில் விதைப்பது நீர்போகம். கோடை மழையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் விதைப்பது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குவது கடைபோகம். இவற்றில் பெரியது கார்போகம்தான். உறைபனி விலகத் தொடங்கும் மாசியிலிருந்து முதல் கோடை மழை இறங்கும் வரை கிடைக்கும் சில வாரங்களுக்குள் அதற்கான ஏற்பாடுகள் அனைத்தும் முடிந்தாக வேண்டும். பின்னால் போடும் உரத்தையும் அடிக்கும் மருந்தையும் விட, அந்த வாரங்களில் எடுக்கும் முடிவுகளே விளைச்சலை அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. ஊட்டியை அடுத்த நஞ்சநாடு பக்கத்தில் ஒரு சிறு தோட்டத்தில் கடந்த ஆண்டு நடந்தவற்றை வைத்து அதை விளக்குகிறேன். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நிலமும் குடும்பமும்

தோட்டம் இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. படுகர் குடும்பம் ஒன்றின் பூர்வீக நிலம். கணவனும் மனைவியும் முழு நேரமும் தோட்டத்திலேயே உழைக்கிறார்கள். களையெடுப்புக்கும் அறுவடைக்கும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பெண்கள் வருகிறார்கள். பெரும்பாலோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இந்த மண்ணை உடைமையாளர்களுக்கு இணையாக அறிந்தவர்கள்.

நிலம் மூன்று பகுதியாகச் சரிகிறது. மேலே சீகை (வாட்டில்) மரக் காட்டை ஒட்டிய குறுகலான அடுக்குகள். நடுவில் ஆழமான கருமண் கொண்ட அகலமான அடுக்குகள். தோட்டத்தின் உயிர்நாடி இவைதான். கீழே ஓடைக்கரையில் ஒரு சமதளம். மேலே மண் மெல்லியது, காட்டு மாடும் பன்றியும் இறங்குகிற வழி. கீழே தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் பனி அங்கேதான் முதலில் விழுந்து கடைசியில் விலகும்.

உருளைக்கிழங்கும் கோஸும் கேரட்டும் இந்த மலைக்கு ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. 1819இல் மலையேறி வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் அவற்றை இங்கே பயிரிடத் தொடங்கி வைத்தார். இருநூறு ஆண்டுகளில் உருளை இம்மலையின் முதன்மைக் காய்கறிப் பயிர்களில் ஒன்றாகிவிட்டது. விலை கிடைத்தால் ஒரே போகத்தில் கடனை அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இந்தக் குடும்பமும் அந்த நம்பிக்கையில் மேல் அடுக்குகளில் ஆண்டு தவறாமல் உருளை போட்டு வந்தது.

வேரில் தெரிந்த மஞ்சள் புள்ளிகள்

பல போகங்களாகவே மேல் அடுக்குகளில் விளைச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. அடுக்கு முழுவதும் ஒரே சீராகக் குறையவில்லை. அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடிகள் குட்டையாக நின்றன. உச்சி வெயிலில் வாடும், மாலையில் நிமிரும். அடி இலைகள் சீக்கிரமே மஞ்சளாகும். தோண்டினால் கிழங்கு சிறுத்திருக்கும். எரு போதவில்லை என்று நினைத்து ஆண்டுக்கு ஆண்டு உர மூட்டைகளைக் கூட்டினார்கள்.

மாசியில் மேல் அடுக்கைக் கொத்தத் தொடங்கியபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. கடைபோக அறுவடையில் மண்ணுக்குள் தப்பிய கிழங்குகள் தாமாக முளைத்து, முழங்கால் உயரச் செடிகளாக நின்றன. அவற்றை இழுத்துப் போடாமல், சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, வேரோடு மெதுவாகத் தூக்கி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளை வேர்களில் கசகசாவைப் போல மஞ்சள் நிற உருண்டைகள் ஒட்டியிருந்தன. விரல் நுனியால் தடவினால் உதிர்ந்தன. களையெடுக்க வந்திருந்த பெண் அடுத்த செடியை அலசி, "அக்கா, இந்த வேரிலும் இருக்கிறது" என்று வீட்டுக்கார அம்மாவிடம் நீட்டினார். அடுத்த அடுக்கிலும் இருந்தது. நடு அடுக்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருந்த செடிகளை எவ்வளவு அலசியும் ஒன்றும் தென்படவில்லை. அந்த வேறுபாடே ஆண்டின் திட்டத்தை மாற்றியது.

அது முட்டைக்கூடு நூற்புழு. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே இங்கேதான்: 1961இல், ஊட்டி விஜயநகரம் பகுதியில், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த நூற்புழு ஆய்வாளர் ஜோன்ஸ் அதை அடையாளம் கண்டார். பெண் புழு வேரைத் துளைத்து உண்டு, உடல் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு இறக்கிறது. இறந்த உடலின் தோல் இறுகிக் கூடாகிறது. அந்தக் கூட்டுக்குள் முட்டைகள் இருபது ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். உருளை வேரிலிருந்து கசியும் சாறு மண்ணில் பட்டவுடன் பெருமளவில் பொரிக்கும். ஆகவே உருளைக்குப் பின் உருளை போடுவது புழுவுக்குப் பந்தி விரிப்பதற்குச் சமம். உருளை, தக்காளி, கத்தரி குடும்பத்தைத் தவிர வேறெதையும் இது தின்பதில்லை. கேரட், பூண்டு, பீட்ரூட், பீன்ஸ், கோஸ் எது போட்டாலும் பட்டினிதான்.

ஆனால் தாமாக முளைத்த உருளைச் செடிகளை விட்டுவைத்தால் அந்தப் பட்டினிக்குப் பொருளில்லாமல் போய்விடும். கேரட் பாத்தி நடுவே நிற்கும் பத்துச் செடிகள் போதும், புழு அடுத்த போகத்துக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பயிர்ச் சுழற்சி செய்தும் பலனில்லை என்று சொல்லும் பல தோட்டங்களில் நான் கண்ட குறை இதுதான். மாசி முடிவதற்குள் மூன்று பகுதிகளிலும் இந்தச் செடிகளைக் கிழங்கோடு தோண்டி எடுத்தார்கள். எடுத்ததை எருக்குழியில் போடாமல், வெயிலில் உலர்த்தி எரித்தார்கள்.

எதை எங்கே நடுவது

இந்த ஏற்பாடுகளில் மிகக் கடினமான வேலைக்கு மண்வெட்டி தேவைப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, ஒரு நோட்டுத்தாளில் அடுக்குகளை வரைந்து, எந்த அடுக்கில் எந்தப் பயிர் என்று முடிவெடுப்பதுதான் அது. பல நாள் விவாதம் நடந்தது. நடு அடுக்குகளில் புழு இல்லை என்று தெரிந்தவுடன், உருளையை அங்கே மாற்றிவிடலாம் என்று கணவர் சொன்னார். நல்ல மண், நல்ல ஆழம், முதல் ஆண்டு அமோகமாக விளையும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. மனைவி ஒப்பவில்லை. சுத்தமாக இருக்கும் ஒரே இடத்தையும் கெடுத்துவிட்டால் பிறகு எங்கே போவது என்பது அவர் கேள்வி. அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. இந்தத் தோட்டத்தில் அந்த ஆண்டு எடுத்த மிகச் சிறந்த முடிவு, நடு அடுக்குகளில் உருளை போடாமல் விட்டதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முடிவில் இப்படி அமைந்தது. மேல் அடுக்குகளில் பாதிக்கு குப்ரி ஸ்வர்ணா ரக உருளை, மீதிப் பாதிக்கு கேரட். குப்ரி ஸ்வர்ணா 1985இல் வெளியான ரகம். இந்தப் புழுவைத் தாங்கி வளரும் தன்மைக்காகவே நீலகிரிக்கென உருவாக்கப்பட்டது. அதன் வேர்ச்சாறும் முட்டையைப் பொரிக்க வைக்கும், ஆனால் நுழைந்த புழு முட்டையிடும் நிலைக்கு வளராது. பொரித்தும் பெருக முடியாமல் மடிவதால், வெறுமனே நிலத்தைக் காலியாகப் போடுவதைவிட வேகமாகப் புழுவின் எண்ணிக்கை குறையும். அடுத்த ஆண்டு இரு பாதிகளும் இடம் மாறும். நடு அடுக்குகளுக்குப் பூண்டும் கேரட்டும். மலைப்பூண்டுக்கு மேட்டுப்பாளையத்தில் விதைக்காக வாங்கும் வடநாட்டு வியாபாரிகள் இருப்பதால் உருளையை விட்டதன் இழப்பை அது ஓரளவு ஈடுகட்டும் என்று கணக்கிட்டார்கள். ஓடைக்கரைச் சமதளம்தான் கடைசி வரை இழுபறியாக இருந்தது.

சுண்ணாம்பு

நீலகிரி மண் இயல்பிலேயே அமிலத்தன்மை மிக்கது. இந்தத் தோட்டத்து மண்ணின் பரிசோதனை அறிக்கையில் மூன்று பகுதிகளிலுமே கார அமில நிலை (pH) ஐந்தரைக்குக் கீழே இருந்தது. ஓடைக்கரையில் இன்னும் குறைவு. இத்தகைய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, பிடித்து வைத்துக்கொள்கின்றன. மலைப்பகுதி உருளைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 240 கிலோ மணிச்சத்து, 120 கிலோ சாம்பல் சத்து என்று பரிந்துரைப்பதும், மணிச்சத்து மட்டும் இரு மடங்காக இருப்பதும் இதனால்தான். மண்ணின் அமிலத்தைத் திருத்தாமல் மூட்டைகளை மட்டும் கூட்டுவதில் பெரும்பகுதி வீண்.

ஆனால் எல்லா அடுக்குக்கும் ஒரே அளவு சுண்ணாம்பு என்பது சரிவராது. அமிலம் அதிகம் குறைந்தால் உருளைத் தோலில் சொறி நோய் வரும். கோஸுக்கு நேர்மாறு: வேர்கள் விரல் விரலாக வீங்கிச் செடியே சாய்ந்துபோகும் வேர்வீக்க நோயைத் தடுக்க, மண் ஏறத்தாழ ஏழு என்ற நடுநிலைக்கு வர வேண்டும். பீட்ரூட்டுக்கும் அமிலம் ஆகாது. எனவே மேலே உருளை வரும் அடுக்குகளுக்கு டாலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் மிகக் குறைவாக, நடு அடுக்குகளுக்கு நடுத்தரமாக, கீழே அதிகமாக என்று பிரித்துக்கொண்டார்கள். டாலமைட்டில் மக்னீசியமும் இருப்பதால் மழை அரித்த மலை மண்ணுக்கு அது இரட்டை நன்மை.

காய்ந்த மண்ணில் சுண்ணாம்பு அப்படியே கிடக்கும், வேலை செய்யாது. பங்குனி முதல் வாரத்தில் தூவிக் கொத்திக் கலந்து, தண்ணீர் எட்டும் இடங்களில் ஸ்பிரிங்க்ளர் ஓட்டி மண்ணை நனைத்தார்கள். எட்டாத மேல் அடுக்குகள் மழையை எதிர்பார்த்துக் கிடந்தன. நல்லவேளையாக மார்ச் மாதத்தில் ஒரு சாரல் விழுந்தது. சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும் என்பதால், சமவெளியிலிருந்து லாரியில் வந்த எருவைத் தார்ப்பாயால் மூடிவைத்து, மூன்று வாரம் கழித்துத்தான் இறைத்தார்கள். கேரட் அடுக்குகளுக்கு நன்றாக மக்கிய எருவை மட்டும் சலித்துப் போட்டார்கள். மக்காத எருவும் கல்லும் கேரட்டைக் கிளைக்கவைக்கும், கிளைத்த கேரட்டை மண்டியில் கழித்துவிடுவார்கள்.

பனி தேங்கும் இடம்

நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக இறுகி, பிப்ரவரியில் இம்மலையை விட்டுப் போகும் என்பது பொதுக் கணக்கு. பள்ளங்களில் அந்தக் கணக்கு நடக்காது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் தண்ணீர்போலச் சரிவில் வழிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். இந்தத் தோட்டத்தில் ஓடைக்கரையின் கீழ் எல்லையில் வேலிக்காக வளர்த்த சீகைக் கன்றுகள் அடர்ந்து, சுவர்போல நின்றன. காட்டு மாடு வராமல் இருக்க வளர்த்தவை, குளிர்காற்று வெளியேறும் வழியையும் அடைத்திருந்தன. பக்கத்துச் சரிவு பச்சையாக இருக்கும்போது இந்தச் சமதளம் மட்டும் வெளுத்துக் கிடந்ததற்கு அதுவே காரணம்.

மாசிக் கடைசியில் ஓடை திரும்பும் முனையில் அந்த வேலியில் இரண்டு இடங்களில் அகலமாக வெட்டி, அடிக்கிளைகளைக் கழித்து, கம்பி மட்டும் கட்டினார்கள். அதற்குப் பிறகும் பனி விழுந்தது, ஆனால் விடியலுக்குள் முன்போலத் தடித்துப் படியவில்லை. நாற்றுப் பாத்திகளைச் சமதளத்திலிருந்து எடுத்து, நடு அடுக்கில், கிழக்கு வெயில் முதலில் விழும் மூலைக்கு மாற்றியதும் அப்போதுதான். இரவில் பாத்தி மேல் மிலார் கிளைகளைப் பரப்பி, வெயில் ஏறிய பிறகு எடுத்தார்கள். பனி படிந்த காலைகளில் சூரியன் வருவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துக் கரைத்துவிட்டால் இலை கருகாது என்பது மலையில் எல்லாருக்கும் தெரிந்த வழி; அதையும் விடவில்லை.

சமதளத்துக்குக் கோஸ்தான் பொருத்தம் என்று தோன்றும், ஏனெனில் அது குளிரைத் தாங்கும். ஆனால் ஈரம் தேங்கும் அமில மண் வேர்வீக்க நோய்க்கு மிகவும் உகந்தது, அந்தக் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். சுண்ணாம்பு வேலை செய்ய ஒரு போகமாவது ஆகட்டும் என்று கோஸை ஒத்திவைத்து, பீட்ரூட்டை முடிவு செய்தார்கள். பீன்ஸுக்கு ஒரு துண்டு ஒதுக்கி, ஏப்ரல் கடைசி வரை விதைக்கக் கூடாது என்று வரையறுத்துக்கொண்டார்கள். கோஸ் நாற்று கொஞ்சம் மட்டும், நடு அடுக்கின் ஓரத்தில் போனது.

விதைக்கிழங்கு

ஊட்டியை அடுத்த முத்தோரையில் 1957இலிருந்து மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சிறு விவசாயிக்கு வேண்டிய நேரத்தில் தாங்குதிறன் கொண்ட ரகத்தின் விதை போதிய அளவு கிடைப்பது எளிதல்ல. வடக்கிலிருந்து வரவழைக்கும் பழைய வழக்கத்தையும் 2018 மாற்றிவிட்டது. இமாச்சலம் உள்ளிட்ட வடக்கு மலைகளிலும் இதே புழு உறுதியானதால் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியேற மத்திய அரசு தடை விதித்தது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாடு 1971லேயே வந்துவிட்டது. மேல் அடுக்கில் பாதிக்கு மட்டும் உருளை என்று சுருக்கிக்கொண்டதற்கு, கிடைத்த விதை அவ்வளவுதான் என்பதும் ஒரு காரணம்.

கிடைத்த கிழங்கை மூட்டையிலேயே வைக்காமல், கொட்டகையில் மறைவான வெளிச்சம் படும் இடத்தில் மூங்கில் தட்டுகளில் ஓரடுக்காகப் பரப்பினார்கள். இருட்டில் வளரும் வெள்ளை முளை நீண்டு மெலிந்து, நடும்போது ஒடிந்துவிடும். வெளிச்சத்தில் வளர்வது கட்டையாக, பச்சையும் ஊதாவுமாக, தட்டினாலும் ஒடியாத முளை. வாரம் ஒரு முறை திருப்பிப் போட்டு, அழுகியதையும் முளைக்காததையும் பொறுக்கி நீக்கினார்கள். 40, 50 கிராம் எடையுள்ள முழுக் கிழங்குகளே நடவுக்குப் போயின.

மண் பயணம் செய்யும் வழிகள்

புழுவின் கூடு நடக்காது, பறக்காது. மண்ணோடு ஒட்டித்தான் போகும்: மண்வெட்டியில், பூட்ஸில், கோணிப்பையில், மழைநீரில். அதனால் வேலையின் வரிசையையே மாற்றினார்கள். காலையில் நடு அடுக்கில் தொடங்கி, கீழே முடித்து, கடைசியாகத்தான் மேலே போவது. மேலே வேலை முடிந்தால் கருவிகளையும் காலணியையும் அங்கேயே டிரம் தண்ணீரில் கழுவிவிட்டு இறங்குவது. கேரட் கழுவும் நிலையத்திலிருந்தும் மண்டியிலிருந்தும் திரும்பி வரும் சாக்குகளில் எத்தனையோ தோட்டங்களின் மண் இருக்கும். அவற்றைத் தோட்டத்துக்குள் விடாமல், சாலையோரத்திலேயே மூட்டை கட்ட ஏற்பாடு செய்தார்கள்.

மழைநீர்தான் பெரிய சவால். மேல் அடுக்கில் நிறைந்த நீர் வரப்பை உடைத்துக்கொண்டு நடு அடுக்குகள் மேல் பாய்வது வழக்கம். பங்குனி முழுவதும் வேறு எதையும்விட இதற்குத்தான் ஆள் கூலி அதிகம் செலவானது. ஒவ்வொரு மேல் அடுக்கின் உட்புறமும் வாய்க்கால் வெட்டி, அதைத் தோட்டத்தின் ஓரமாகக் கல் பதித்த வடிகாலில் சேர்த்து, நேரே ஓடைக்குத் திருப்பினார்கள். வரப்புகளில் புல் பதித்தார்கள். நடவுக்குச் சற்று முன் மேல் அடுக்குகளில் மக்கிய எருவோடு சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்து இட்டார்கள். ஹெக்டேருக்கு 10 கிலோ என்பது பரிந்துரை.

கண்டது

ஏப்ரல் நடுவில் முதல் கோடை மழை இடியோடு இறங்கியது. வடிகால் ஓரிடத்தில் மட்டும் உடைந்து, மறுநாளே அடைக்கப்பட்டது. பூண்டும் கேரட்டும் முதலில், உருளை அடுத்து, பீன்ஸ் சொன்னபடி கடைசியில் போனது.

உருளை நட்டு இரண்டு மாதம் கடந்தபோது சில செடிகளை எடுத்து அலசிப் பார்த்தோம். மஞ்சள் உருண்டைகள் தென்படவில்லை. திட்டுத் திட்டாகக் குட்டை விழும் பழைய காட்சியும் இல்லை, வயல் ஒரே உயரமாக நின்றது. ஆகஸ்டில் தோண்டிய கிழங்கின் அளவு குடும்பத்துக்கு நிறைவாகவே இருந்தது. நடு அடுக்குக் கேரட் நன்றாக வந்தது. பூண்டு சுமார்தான், விலை நன்றாக இருந்ததால் தப்பித்தது. ஓடைக்கரையில் பீட்ரூட் பாதி இடத்தில் தேறி, ஓடையை ஒட்டிய பாதியில் சிவந்து குன்றிவிட்டது. அங்கே சுண்ணாம்பும் போதவில்லை, வடிகாலும் போதவில்லை. சமதளத்துக்கென்று தனி வடிகால் வெட்டாமல் சுண்ணாம்பை மட்டும் நம்பியது இந்தத் திட்டத்தின் பலவீனமான பகுதி. மேல் கேரட் பாதியில் ஜூலையில் ஓர் இரவு காட்டு மாடுகள் இறங்கி மிதித்துவிட்டன. சோலார் வேலிக்குப் பணம் ஒதுக்கியிருந்தால் அது நேர்ந்திருக்காது, ஆனால் அந்தப் பணம் டாலமைட்டுக்கும் வாய்க்காலுக்கும் போய்விட்டது.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலம் முழுவதும் உருளை போட்ட அக்கம்பக்கத்தார் சிலர், அந்தப் போகத்தில் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை ஏறியதால் இந்தக் குடும்பத்தைவிட அதிகம் பார்த்தார்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழாமல் இல்லை. ஆனால் அதே அக்கம்பக்கத்தில் ஒரு தோட்டத்து வேரை அலசிப் பார்த்தபோது மஞ்சள் உருண்டைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. அந்த நிலத்தில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு உருளையை மறந்துவிட வேண்டியிருக்கும். இந்தக் குடும்பத்தின் நடு அடுக்குகள் இன்னும் சுத்தமாக இருக்கின்றன. இரண்டையும் ஒரே போகத்து வரவு செலவில் ஒப்பிடுவது தவறு.

இந்த மாசிக்கு இரண்டு வேலைகள் பாக்கி. ஒன்று, ஓடைக்கரையில் சுற்று வடிகால். அதற்குக் குறிபோட்டாகிவிட்டது. மற்றொன்று குடும்பத்தின் கையில் முழுவதும் இல்லாதது: சீகைக் காட்டோரத்தில், இவர்களுக்கு மேலே உள்ள பக்கத்து நிலத்திலும் உருளைதான். அங்கிருந்து வழியும் மழைநீர் இன்னும் இவர்களின் மேல் அடுக்கு வழியாகத்தான் வருகிறது. எல்லையோரமாக ஒரு பொது வாய்க்கால் வெட்டிச் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேச்சு தொடங்கியிருக்கிறது. பக்கத்து நிலத்துப் பெரியவர் தன் செடியின் வேரையும் அலசிக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவர் நிலத்தில் தப்பி முளைத்த கிழங்குகள் இன்னும் தோண்டப்படாமல் இருக்கின்றன. வேர் பார்ப்பதற்கு அவையே போதும்.